கப்பலில் வந்த கதையும் கைப்பேசியில் வரும் கதையும்

ஒரு கதை, அதை எழுதியவரின் மேசையிலிருந்து படிப்பவரின் கைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும்? பினாங்குத் தமிழர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் தலைமுறைக்கு ஒரு பதில் கிடைக்கும்.

தாத்தா பாட்டி காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ராஜுலா கப்பல் பினாங்குக்கு வந்து கொண்டிருந்தது. 1970களில் அந்த இடத்தை எம்.வி. சிதம்பரம் கப்பல் பிடித்தது. ஆட்களோடும் சரக்குகளோடும் தமிழ்நாட்டு இதழ்களும் அந்தக் கடல்வழியில்தான் வந்தன. சென்னையில் வெளியான ஒரு தொடர்கதை அத்தியாயம் இந்தத் தீவில் கரை இறங்குவதற்குள், அங்கே அடுத்த அத்தியாயமும் வெளியாகியிருக்கும். கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்பது சென்னை வாசகருக்குத் தெரிந்து பல நாள் கழித்துத்தான் பினாங்கு வாசகருக்குத் தெரியும். அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக் கொண்டதில்லை. கடல் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்று தண்ணீர்மலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு பேரப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பதில் வேறாக இருக்கும். தோக்கியோவில் திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு ஜப்பானின் புகழ்பெற்ற வார இதழின் புதிய படக்கதை அத்தியாயங்கள் வெளியாகின்றன. அந்த நேரம் மலேசியாவில் ஞாயிறு இரவு 11 மணி. அதே நொடியில் அதே அத்தியாயங்கள் ஆங்கிலத்தில் அந்தப் பிள்ளையின் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. தோக்கியோ வாசகருக்கும் பினாங்கு வாசகருக்கும் இடையில் ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை.

'மங்கா' என்று சொல்லப்படும் ஜப்பானியப் படக்கதைகள் இந்த நிலையை எப்படி அடைந்தன? கணினி வந்தது, கைப்பேசி வந்தது, அதனால் எல்லாம் மாறியது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மை அல்ல. கணினியும் கைப்பேசியும் நமக்கும்தானே வந்தன? நம் குழந்தை இதழ்களுக்கு ஏன் அந்த வாழ்வு வரவில்லை? இந்த இரண்டாவது கேள்விக்காகவே முதல் கேள்வியின் வரலாற்றை நாம் தெரிந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

1947ஆம் ஆண்டு ஜனவரி மாதம். போரில் தோற்று நொறுங்கிப் போயிருந்த ஜப்பானின் ஒசாகா நகரில் ஒரு மலிவுப் படக்கதைப் புத்தகம் வெளியானது. 'புதிய புதையல் தீவு' என்பது அதன் பெயரின் பொருள். வரைந்தவர் 18 வயது மருத்துவ மாணவர். பெயர் ஒசாமு தெசுகா. மிட்டாய்க் கடைகளிலும் விற்கப்பட்ட இத்தகைய மலிவுப் புத்தகங்களுக்குச் 'சிவப்புப் புத்தகம்' என்று பெயர். திரைப்படம் பார்ப்பது போன்ற வேகத்தோடு வரையப்பட்டிருந்த அந்தப் புத்தகம் 4 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. இன்றைய மங்காவின் பிறப்பை அந்தப் புத்தகத்திலிருந்து கணக்கிடுபவர்கள் பலர்.

அதே 1947ஆம் ஆண்டு ஜூலை மாதம். இந்தியா விடுதலை பெற ஒரு மாதம் இருந்தது. சென்னையில் பி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சேர்ந்து சிறுவர் மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார்கள். தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. பின்னர் சிங்களம், ஆங்கிலம் உட்படப் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அது வெளிவந்தது. தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனின் படத்தை மறந்த தமிழ் வாசகர் உண்டா? அந்தப் படத்தைப் பல்லாண்டுகள் வரைந்த ஓவியர் சங்கர் 2020ஆம் ஆண்டில் தம் 96ஆம் வயதில் காலமானார்.

ஒரே ஆண்டில், ஆறு மாத இடைவெளியில், ஆசியாவின் இரண்டு நகரங்களில் இரண்டு கதை மரபுகள் கண் விழித்தன. ஒன்று இன்று உலகம் முழுவதும் கைப்பேசிகளில் வாழ்கிறது. மற்றொன்று நின்றுவிட்டது. இடையில் நடந்தது என்ன?

வாரம் ஓர் அத்தியாயம்

ஜப்பானில் 1950களில் வாடகைப் புத்தகக் கடைகள் செழித்திருந்தன. புத்தகத்தை விலைக்கு வாங்க வசதியில்லாத பிள்ளைகள் சில்லறைக் காசு கொடுத்து எடுத்துச் சென்று படித்தார்கள். பினாங்கின் சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகளைக் கண்டவர்களுக்கு அந்தப் பசி புரியும். புதிதோ பழையதோ, கதை கையில் கிடைக்க வேண்டும்.

1959ஆம் ஆண்டில் சிறுவர்களுக்கான வார இதழ்கள் இரண்டு வெளியாயின. 1968ஆம் ஆண்டில் ஷுஎய்ஷா பதிப்பகம் 'ஷோனென் ஜம்ப்' இதழைத் தொடங்கியது. இந்த இதழ்களின் முறை எளிமையானது. தடித்த மலிவுத் தாளில், ஒரே இதழில் பல தொடர்கதைகள். ஒவ்வொன்றிலும் வாரம் ஓர் அத்தியாயம். விலை குறைவு. ரயிலில் படித்து முடித்ததும் போட்டுவிட்டுப் போகலாம். பிடித்த கதையின் அத்தியாயங்கள் சேர்ந்ததும் அது தனிப் புத்தகமாக வரும். அதை வாங்கி வீட்டில் வைத்துக் கொள்வார்கள். இதழ் பழக்கத்தை வளர்த்தது. புத்தகம் வருமானத்தைத் தந்தது.

அதோடு ஒவ்வோர் இதழிலும் ஓர் அஞ்சல் அட்டை இருக்கும். எந்தக் கதை பிடித்தது என்று வாசகர் எழுதி அனுப்பலாம். வாசகர் ஆதரவு குறைந்தால் கதை விரைவில் முடிக்கப்படும். வரைபவருக்கு இது கடுமையான சோதனை. தூக்கத்தையும் உடல்நலத்தையும் இழந்தவர்கள் உண்டு. ஆனால் வாசகர் என்ன நினைக்கிறார் என்பது வாரந்தோறும் ஆசிரியர் குழுவுக்குத் தெரிந்தது.

இந்தப் பழக்கத்தின் உச்சம் 1994ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. அப்போது ஷோனென் ஜம்ப் ஒரே வாரத்தில் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சிடப்பட்டது.

வாரம் ஓர் அத்தியாயம் என்பது நமக்கு அந்நியமான பழக்கமா? இல்லவே இல்லை. 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்ததுதான். அந்த நாலு ஆண்டுகளும் வாசகர்கள் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தார்கள். படக்கதையிலும் நாம் பின்தங்கியிருக்கவில்லை. 1972ஆம் ஆண்டில் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' தொடங்கியது. இரும்புக்கை மாயாவி அதன் வழியாகத்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நண்பன் ஆனான். 1984ஆம் ஆண்டில் 'லயன் காமிக்ஸ்' வந்தது. ஆக, கதைக்குக் காத்திருக்கும் மனமும் படக்கதையை நேசிக்கும் கண்ணும் தமிழனுக்கு உண்டு. இதை முதலில் மனத்தில் வைத்துக் கொள்வோம்.

சட்டைப் பையில் ஒரு புத்தகக் கடை

1995ஆம் ஆண்டுக்குப் பிறகு ஜப்பானில் வார இதழ்களின் விற்பனை சரியத் தொடங்கியது. 'டிராகன் பால்' 1995ஆம் ஆண்டிலும் 'ஸ்லாம் டங்க்' 1996ஆம் ஆண்டிலும் முடிந்தன. ரயிலில் இதழ் விரித்த கைகளில் கைப்பேசி ஏறியது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் டொகோமோ நிறுவனம் 'ஐ-மோட்' சேவையைத் தொடங்கியது. சாதாரணக் கைப்பேசியிலேயே இணையம் பார்க்கும் வசதி அது. உலகின் பல நாடுகளுக்கு அப்போது அது கனவு.

அந்தச் சிறிய திரையில் முழுப் பக்கத்தைக் காட்ட முடியாது. அதனால் பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் காட்டினார்கள். கதையில் குத்து விழும் இடத்தில் கைப்பேசியும் அதிரும்! பெரிய ஓவியர்கள் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் வாசகர்கள் வந்தார்கள்.

அதற்கு முக்கியமான காரணம் படத்தின் அழகு அல்ல, காசு கொடுக்கும் முறை. கடன் அட்டை தேவையில்லை. படித்த அத்தியாயத்தின் சிறு தொகை மாதக் கடைசியில் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்து வந்துவிடும். தேநீருக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைவு. பழைய வாடகைக் கடையின் சில்லறைக் காசு முறையே கைப்பேசிக்குள் புகுந்தது. புதிய கருவி பழைய பழக்கத்தின் தோளில் ஏறி நடந்தது என்பதுதான் உண்மை.

திறன்பேசி வந்தபோது இந்தப் பழக்கம் தயாராக இருந்தது. 2013ஆம் ஆண்டில் 'லைன் மங்கா' வந்தது. 2016ஆம் ஆண்டில் கொரிய நிறுவனமான காக்காவோ ஜப்பானில் 'பிக்கோமா'வைத் தொடங்கியது. இதன் தந்திரம் சுவையானது. ஒரு நாள் அளவு பொறுமையாக இருந்தால் அடுத்த அத்தியாயம் இலவசம். பொறுக்க முடியாதவர் காசு கொடுத்து உடனே படிக்கலாம். வாசகரின் ஆவலையே விலையாக்கிய வியாபாரம் இது. கொரியாவிலிருந்து மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் வண்ணப் படக்கதைகளும் வந்தன. பக்கம் புரட்டும் பழைய ஜப்பானிய முறைக்கு அவை போட்டியாயின.

தாமதம் வளர்த்த திருட்டு

இது ஜப்பானுக்குள் நடந்த கதை. கடலுக்கு இப்பால் இருந்த வாசகருக்கு என்ன கிடைத்தது?

ஜப்பானில் இன்று வந்த அத்தியாயம் ஆங்கிலப் புத்தகமாக வெளிநாட்டுக் கடைக்கு வர மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளியில்தான் திருட்டுத் தளங்கள் முளைத்தன. முதலில் இது ரசிகர்களின் வேலையாகத்தான் இருந்தது. இதழை வாங்கி, பக்கங்களை ஸ்கேன் செய்து, ஜப்பானிய எழுத்துகளை அழித்து, ஆங்கிலத்தில் எழுதி இணையத்தில் போட்டார்கள். ஆர்வம்தான் காரணம் என்றார்கள். பின்னர் அந்த ஆர்வத்தை வைத்து விளம்பரத்தில் பணம் பண்ணும் தளங்கள் பெருகின. உலகப் புகழ் பெற்றிருந்த 'ஒன்மங்கா' என்ற தளம் 2010ஆம் ஆண்டில் பதிப்பகங்களின் நெருக்குதலால் கதைகளை நீக்கியது. ஒன்று மூடினால் பத்து திறந்தன.

ஜப்பானுக்குள்ளேயே மிகப் பெரிய அடி 'மங்காமுரா' என்ற தளத்திலிருந்து வந்தது. மங்கா கிராமம் என்று பொருள். பல்லாயிரக்கணக்கான படக்கதைகளை இலவசமாக அள்ளி வழங்கியது அந்தத் தளம். அதனால் ஏற்பட்ட இழப்பு சுமார் 32,000 கோடி யென் என்று மதிப்பிடப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் அது மூடப்பட்டது. அதை நடத்தியவர் 2019ஆம் ஆண்டில் மணிலாவில் பிடிபட்டார். 2021ஆம் ஆண்டில் புக்குவோக்கா நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. திருட்டுப் படக்கதையைத் தெரிந்தே பதிவிறக்குவதும் குற்றம் என்ற சட்டத் திருத்தம் அதே 2021ஆம் ஆண்டு ஜனவரியில் நடப்புக்கு வந்தது.

சட்டம் தேவைதான். ஆனால் சட்டம் மட்டும் திருட்டை ஒழித்துவிடுமா? வாசகர் ஏன் திருட்டுத் தளத்துக்குப் போனார் என்று பதிப்பகங்கள் தங்களையே கேட்டுக் கொண்டன. இலவசம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முறையான வழியில் அது கிடைக்கவே இல்லை என்பது.

கடலைக் கடந்த இரவு

2018ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் விஸ் நிறுவனம் மாதம் 1 டாலர் 99 காசுக்கு ஷோனென் ஜம்ப் கதைகளைப் படிக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. தொடக்கப் பட்டியலில் சிங்கப்பூர் இருந்தது, இந்தியா இருந்தது, பிலிப்பைன்ஸ் இருந்தது. மலேசியா இல்லை! ஜொகூர் பாலத்தின் அந்தப் பக்கம் கிடைப்பது இந்தப் பக்கம் கிடைக்காது. பினாங்குப் பிள்ளைகள் மீண்டும் கரையில் நின்றார்கள்.

அந்த நிலை நீண்ட நாள் நீடிக்கவில்லை. 2019ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி ஷுஎய்ஷா பதிப்பகமே நேரடியாக 'மங்கா பிளஸ்' என்ற செயலியை வெளியிட்டது. சொந்தச் சந்தைகள் தனியாக இருந்த ஜப்பான், சீனா, தென்கொரியா நீங்கலாக உலகம் முழுவதும் அது திறந்தது. ஜப்பானில் வெளியாகும் அதே நேரத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகப் படிக்கலாம். முதல் சில அத்தியாயங்களும் கடைசிச் சில அத்தியாயங்களும் எல்லாருக்கும் திறந்திருந்தன. ஸ்பானிய மொழி சேர்ந்தது. பின்னர் இந்தோனேசிய மொழி, தாய்லாந்து மொழி, வியட்நாமிய மொழி என்று பட்டியல் நீண்டது. திருடன் தருவதைவிட வேகமாக, அதைவிடத் தெளிவாக, உரிமையாளரே தந்துவிட்டார். வாசகரைக் குற்றவாளியாகப் பார்ப்பதை விட்டு, பசித்தவராகப் பார்த்த முடிவு இது.

புதியவர்களுக்கும் கதவு திறந்தது. 'ஒன்' என்ற புனைபெயர் கொண்டவர் 2009ஆம் ஆண்டில் தம் சொந்த இணையத்தளத்தில் ஒரு கதையை வரையத் தொடங்கினார். ஓவியம் சுமார்தான், கதையோ அபாரம். 2012ஆம் ஆண்டில் தேர்ந்த ஓவியர் யூசுகே முராத்தா அதை மீண்டும் வரைய, ஷுஎய்ஷாவின் இணையத்தளத்தில் அது வெளியானது. அதுதான் உலகம் அறிந்த 'ஒன் பஞ்ச் மேன்'. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஷுஎய்ஷா 'ஷோனென் ஜம்ப் பிளஸ்' என்ற செயலியைத் தொடங்கியது. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் அதில் 'ஸ்பை பேமிலி' ஆரம்பமானது. வார இதழில் வராமல் கைப்பேசியிலேயே பிறந்த கதை அது. பின்னர் அது புத்தகமாகி 3 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

அச்சு செத்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கதை பதில் சொல்லும். வார இதழ் வீழ்ந்தது உண்மை. 2017ஆம் ஆண்டில் ஷோனென் ஜம்ப் 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதே ஆண்டில் மின்னியல் படக்கதை விற்பனை 17,110 கோடி யென்னை எட்டி, 16,660 கோடி யென்னாக இருந்த அச்சுப் புத்தக விற்பனையை முதன்முறையாக முந்தியது. ஆனால் மொத்தக் கணக்கைப் பாருங்கள். 1995ஆம் ஆண்டில் ஜப்பானின் படக்கதை விற்பனை 58,640 கோடி யென். அதன்பின் 25 ஆண்டுகள் அந்த உச்சத்தைத் தொட முடியவில்லை. 2020ஆம் ஆண்டில் அது 61,260 கோடியாகி, பழைய சாதனையை உடைத்தது. 2024ஆம் ஆண்டில் 70,430 கோடி. அதில் 51,220 கோடி மின்னியல் விற்பனை. 25 ஆண்டு சரிவிலிருந்து ஒரு தொழில் எழுந்து நின்றிருக்கிறது.

அம்புலிமாமாவுக்கு நேர்ந்தது

இப்போது சென்னைக்கு வருவோம். அம்புலிமாமாவுக்கும் கணினி உலகம் கை நீட்டத்தான் செய்தது. 1998ஆம் ஆண்டில் நின்று, 1999ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் எழுந்த அந்த நிறுவனத்தை 2007ஆம் ஆண்டில் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். மென்பொருள்காரர்கள் கையில் வேதாளம் ஏறிவிட்டது, இனி அது உலகம் சுற்றும் என்று நம்பினார்கள். இணையத்தளம் வந்தது. பழைய இதழ்களை அதில் புரட்டிப் பார்க்க முடிந்தது. சில ஆண்டுகள்தான். தாய் நிறுவனம் கடன் சிக்கலில் விழுந்தது. 2013ஆம் ஆண்டுக்குள் இதழ் நின்றது. பின்னர் இணையத்தளமும் மறைந்தது.

ஜப்பானியக் கதை எங்கே பிரிகிறது என்பது இங்கே தெளிவாகிறது. ஒரு பெயரை விலைக்கு வாங்கலாம். 60 ஆண்டுப் பழைய பக்கங்களை வாங்கலாம். அடுத்த இதழுக்காகக் காத்திருக்கும் ஒரு குழந்தையை வாங்க முடியாது. அந்தக் குழந்தையை ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். ஜப்பானியப் பதிப்பகங்கள் கைப்பேசிக்குள் கொண்டு போனது பழைய கதைகளை மட்டும் அல்ல, அடுத்த அத்தியாயத்தை. பழையதைச் சேமிப்பது வேறு, புதியதைத் தொடர்வது வேறு.

சேமிப்பதில் தமிழர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை இணையத்தில் ஏற்றியது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களைக் காத்து வருகிறது. இவை தலைவணங்க வேண்டிய தொண்டுகள். ஆனால் 10 வயதுப் பிள்ளை ஞாயிறு இரவு ஆவலோடு திறந்து பார்க்கும் இடம் இவையல்ல. அதற்காக இவை ஏற்படுத்தப்படவும் இல்லை.

தொழில்நுட்பம் இல்லாததால்தான் பின்தங்கினோம் என்று சொல்ல, குறிப்பாக மலேசியத் தமிழருக்கு, உரிமை இல்லை. 1985ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கத் தொடங்கிவிட்டார். கணினியில் தமிழ் எழுத உலகத் தமிழருக்கு வழிகாட்டிய முயற்சிகளில் அது முன்னணியில் நின்றது. 2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. கைப்பேசியில் தமிழ் எழுதும் 'செல்லினம்' 2005ஆம் ஆண்டில் வந்தது. திறன்பேசிகள் வருவதற்கு முன்பே தமிழ் கைப்பேசிக்குள் போய்விட்டது! பாதை போட்டவர்கள் நம்மவர்கள். அந்தப் பாதையில் நம் பிள்ளைகளுக்கான கதை வண்டி வாராவாரம் ஓடவில்லை. அதுதான் குறை.

பெரியவர்களுக்கான தொடர்கதைகள் கைப்பேசியில் வரத் தொடங்கியிருப்பது நம்பிக்கை தருகிறது. 2014ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி தளத்தில் தமிழ்த் தொடர்கதைகள் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. அங்கே எழுதுபவர்களும் படிப்பவர்களும் நிறைய. பழைய வார இதழின் பழக்கம் இன்னும் சாகவில்லை என்பதற்கு இது சாட்சி. சிவகாசியிலும் லயன், முத்து காமிக்ஸ் அச்சில் தொடர்கின்றன. ஆனால் அவற்றின் வாசகர்களில் பலர் அன்று சிறுவர்களாக இருந்து இன்று தலை நரைத்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து அறையில் மங்கா படித்துக் கொண்டிருக்கிறார்கள்.

தீவின் பங்கு

இந்த வரலாற்றில் பினாங்குக்கு ஒரு மறைவான பங்கு உண்டு. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் ஹிட்டாச்சியும் கிளாரியனும் ஜப்பானைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் இன்டெலும் அந்த எட்டில் ஒன்று. கணினிக்கும் கைப்பேசிக்கும் உயிரான சில்லுகளைச் செய்யும் தொழிலில் இந்தத் தீவின் பெண்கள் 50 ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகிறார்கள். நம் வீட்டு அம்மாக்கள் பலர் அங்கே இரவு ஷிப்ட் பார்த்தவர்கள். கருவியைச் செய்த கை நம் கையாகவும் இருந்தது. அந்தக் கருவியில் ஓடும் கதைதான் நம் கதையாக இல்லை.

மலாய் மொழியினர் இதில் விழித்துக் கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டில் 'கீலா-கீலா' நகைச்சுவை இதழ் வந்தது. 1979ஆம் ஆண்டில் லாட் வரைந்த 'கம்போங் பாய்' வந்தது. ஒரு கம்பத்துச் சிறுவனின் வாழ்க்கையை உலகமே படித்தது. 1998ஆம் ஆண்டில் ஜப்பானிய பாணியைத் தழுவிய 'கெம்பாக்' இதழ் வந்தது. அதை வெளியிட்ட மலேசிய நிறுவனத்தின் பெரும்பங்கை 2015ஆம் ஆண்டில் ஜப்பானின் பெரிய பதிப்பகங்களில் ஒன்றான கடோக்காவா வாங்கியது. வாங்குவதற்கு ஏதோ ஒன்று இருந்தது என்பதைக் கவனியுங்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து வரைந்த கைகள் இருந்தன. அதற்காகக் காத்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

தீவின் மூத்தவர்களுக்கு ஜப்பான் என்ற பெயர் வேறு ஒன்றையும் நினைவூட்டும். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மீது குண்டுகள் விழுந்தன. அந்த மாதம் 19ஆம் தேதி ஜப்பானியப் படை தீவுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டுகளில் மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டு, அங்கேயே மாண்டார்கள். எந்தத் தோட்டத்துக் குடும்பத்தைக் கேட்டாலும் திரும்பி வராத ஒருவர் இருப்பார். அந்தக் குடும்பங்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று ஜப்பானியக் கதைகளை நேசிக்கிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. பகை தலைமுறை தாண்ட வேண்டிய சொத்து அல்ல.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1973ஆம் ஆண்டில் ஷோனென் ஜம்ப் இதழில் 'வெறுங்கால் கென்' என்ற பொருளில் ஒரு தொடர் ஆரம்பமானது. வரைந்தவர் கெய்ஜி நகசாவா. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது 6. தந்தையையும் அக்காவையும் தம்பியையும் அன்று பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை நினைவு மண்டபத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், சாகசக் கதைகளுக்கு நடுவே, சிறுவர்களின் வார இதழில், வாரம் ஓர் அத்தியாயமாக வரைந்தார். அதனால்தான் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஹிரோஷிமா பாடப்புத்தகத்தின் ஒரு தேதியாக மட்டும் நின்றுவிடவில்லை.

நம்மிடமும் கதை இருக்கிறது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதி வைத்திருக்கிறார். ராஜுலா கப்பலில் வந்தவர்களின் கதை, ரப்பர் காட்டின் கதை, இரவு ஷிப்ட் அம்மாக்களின் கதை எல்லாம் இருக்கின்றன. வரையத் தெரிந்த தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். கைப்பேசிகளில் ஜப்பானிய முகங்களை வரைந்து பழகிக் கொண்டிருக்கிறார்கள். தொடங்கப் பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. தன் இணையத்தளத்தில் தனியாக வரையத் தொடங்கிய 'ஒன்' அதற்குச் சான்று. நிலைத்து நிற்க வேண்டுமானால், ஜப்பான் 70 ஆண்டுகளில் கற்ற மூன்று பாடங்கள் வேண்டும். சொன்ன நாளில் அடுத்த அத்தியாயம் வர வேண்டும். வாசகர் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய சிறு தொகையாக விலை இருக்க வேண்டும். அந்தத் தொகை வரைந்தவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது பாடம் வாசகருக்கும் பெற்றோருக்கும் உரியது. தமிழ் நூலைப் பிடிஎப் ஆக்கி வாட்ஸ்அப்பில் இலவசமாக அனுப்புவதைத் தமிழ்த் தொண்டு என்று எண்ணுகிறவர்கள் நம்மில் அதிகம். எழுதியவரையும் வரைந்தவரையும் பட்டினி போட்டு எந்த மொழியும் தன் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவிட முடியாது.

மங்கா பிளஸ் செயலியில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்தோனேசிய மொழி உண்டு, தாய்லாந்து மொழி உண்டு, வியட்நாமிய மொழி உண்டு. தமிழ் இல்லை. ஜப்பானியர்கள் அதைச் சேர்க்கவில்லையே என்று வருந்துவதில் பயன் இல்லை. தமிழில் படக்கதைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை முதலில் நாம் காட்ட வேண்டும். கப்பலுக்காகக் காத்திருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்குக் காத்திருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காத்திருப்பதற்குத் தமிழில் ஓர் அடுத்த அத்தியாயத்தைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.